மறதியின் ஆணையும் நினைவின் அமானிதமும்: ரள்வா ஆஷூரின் கர்னாத்தா நாவலும் மொரிஸ்கோ வரலாறும்

அரபிக் கல்லூரிகளில் அந்தலூஸ் வரலாறு கற்பிக்கப்படுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஹிஜ்ரி 92இல் (கி.பி. 711) தாரிக் பின் ஸியாத் ஜலசந்தியைக் கடந்தது முதற்பாடம். குர்துபாவின் நூலகங்கள், இப்னு ஹஸ்ம், இப்னு ருஷ்து, அல்ஹம்ரா மாளிகை ஆகியன நடுப்பாடம். 1236இல் குர்துபாவும் 1238இல் பலன்ஸியாவும் 1248இல் இஷ்பீலியாவும் கைநழுவிய துயரத்தைப் பாடிய அபுல் பகா அர்ருந்தியின் இரங்கற்பாவை மாணவர்கள் மனனம் செய்கின்றனர். 1492 ஜனவரி 2ஆம் நாள் அபூ அப்தில்லாஹ் என்னும் கடைசி மன்னர் கர்னாத்தாவின் (இன்றைய கிரானடா) திறவுகோல்களை ஒப்படைத்ததுடன் பாடம் முடிந்துவிடுகிறது.

முடிந்தது அரசுதான், மக்கள் அல்லர். அந்த நாளுக்குப் பின்னும் 117 ஆண்டுகள், 1609இல் வெளியேற்ற ஆணை பிறக்கும்வரை, அந்தலூஸின் முஸ்லிம்கள் அம்மண்ணிலேயே உழுதனர், நெய்தனர், பட்டு வளர்த்தனர், மணமுடித்தனர், மரித்தனர். முதற் பத்தாண்டு நீங்கலாக மற்ற ஆண்டுகள் முழுவதும் அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவர்கள் என்று ஏடுகளில் எழுதப்பட்டனர். ‘மொரிஸ்கோ’ என்று இழிவாக அழைக்கப்பட்டனர். இந்த நூற்றாண்டு நம் பாடநூல்களில் ஏறத்தாழ இல்லை. மன்னர்களைக் கொண்டு வரலாற்றை அளப்போர்க்கு மன்னர் போனபின் எழுத ஒன்றும் எஞ்சுவதில்லை போலும்.

விடுபட்ட இந்த நூற்றாண்டைத்தான் எகிப்திய எழுத்தாளர் ரள்வா ஆஷூர் (1946 – 2014) மூன்று பாகங்கள் கொண்ட நாவலாக எழுதினார். முதற்பாகமான ‘கர்னாத்தா’ 1994இலும், ‘மர்யமா’, ‘அர்ரஹீல்’ (புறப்பாடு) ஆகிய அடுத்த இரு பாகங்கள் 1995இலும் கெய்ரோவில் வெளிவந்தன. நினைவு, மறதி, பழிவாங்கல் ஆகிய மூன்றும் தோற்றுப்போன ஒரு சமுதாயத்தின் வீட்டுக்குள் எவ்வாறு குடியிருக்கின்றன என்பதே அந்நாவலின் பொருள். நாவலின் துணைகொண்டு அந்த வரலாற்றையும், வரலாற்றின் துணைகொண்டு அந்நாவல் எழுப்பும் கேள்வியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலும் ஆசிரியரும்

ரள்வா ஆஷூர் கெய்ரோவின் ஐனுஷ் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இலக்கியத்தை ஆய்ந்து 1975இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய கணவர் ஃபலஸ்தீனக் கவிஞர் முரீத் அல்பர்கூதி. 1977இல் எகிப்து அதிபர் ஸாதாத் ஜெரூசலம் செல்லவிருந்த வேளையில் முரீத் எகிப்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அக்குடும்பம் பதினேழு ஆண்டுகள் பிரிந்தும் சேர்ந்தும் வாழ நேர்ந்தது. வெளியேற்றம் என்னும் சொல்லின் பொருளை ஆசிரியர் ஆவணக் காப்பகங்களில் மட்டும் கற்கவில்லை.

1991இல் பக்தாத் மீது குண்டுகள் பொழிந்த நாட்களின் தாக்கமே இந்நாவலுக்கு வித்தாயிற்று என்று அவர் எழுதியிருக்கிறார். அதே ஆண்டின் இறுதியில் ஃபலஸ்தீனச் சமாதானப் பேச்சு மத்ரீத் நகரில் கூட்டப்பட்டது. மறு ஆண்டு கர்னாத்தா வீழ்ந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்தன. இச்சூழலில் ஓர் அரபு எழுத்தாளர் பதினாறாம் நூற்றாண்டுக்குள் சென்றது கடந்த காலத்திற்குள் தப்பியோடியதாகாது.

நாவலின் நடுவே நிற்பது அரண்மனை அன்று. அல்பய்யாஸீன் குடியிருப்பில் வாழும் ஒரு வர்ராக்கின் வீடு. ஏடுகளைத் தைத்து, தோல் உறையிட்டு நூலாக்கும் தொழில் செய்யும் அபூ ஜஅஃபர், அவருடைய பேரப்பிள்ளைகள் ஸலீமா, ஹஸன், தொழில் பயிலும் நுஐம், ஸஅத் ஆகியோர் வழியே கதை தொடங்குகிறது. ஹஸனை மணந்துகொள்ளும் மர்யமாவும், அவளுடைய பேரன் அலீயும் கதையை இறுதிவரை கொண்டு செல்கின்றனர். புத்தகம் கட்டுபவரின் குடும்பத்தை ஆசிரியர் தேர்ந்துகொண்டதன் காரணம் அடுத்து நிகழ்வதைக் காணும்போது விளங்கும்.

உடன்படிக்கையும் நெருப்பும்

1491 நவம்பர் 25இல் கையெழுத்தான சரணடைவு உடன்படிக்கை தாராளமானது. முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிவாசல்களும் வக்ஃபு சொத்துக்களும் காக்கப்படும், அவர்களின் வழக்குகளைக் காழிகளே தீர்ப்பர், எவரும் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்படார் என்று ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் உறுதியளித்தனர். நகரின் முதல் பேராயராக வந்த தலவேரா அவ்வுறுதியைப் பெரிதும் மதித்தவர். அறிவுரையாலும் நன்னடத்தையாலுமே மக்களை ஈர்க்க வேண்டும் என்று கருதி, தம் குருமார்களை அரபி கற்கத் தூண்டினார். இந்நேர்மையைச் சொல்லாமல் விடுவது நமக்கு அழகன்று.

1499இல் கார்டினல் சிஸ்னெரோஸ் வந்ததும் நிலைமை மாறியது. சிறை, அச்சுறுத்தல், கூட்டங்கூட்டமான ஞானஸ்நானம் என அவர் விரைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அல்பய்யாஸீன் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதையே உடன்படிக்கை மீறல் எனக் காட்டி, முஸ்லிம்கள் உரிமையை இழந்துவிட்டனர் என்று அரசு அறிவித்தது. ஒருவன் கொடுத்த வாக்கை அவனே முறித்துவிட்டு, முறிந்த ஓசை கேட்டு அலறியவன்மேல் குற்றம் சாட்டிய கதை இது. 1502 பிப்ரவரியில் காஸ்தில் நாட்டின் முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெறவேண்டும், இன்றேல் வெளியேறவேண்டும் என ஆணை பிறந்தது. அரகோன், பலன்ஸியா பகுதிகளில் இதே நிலை 1525–26இல் வந்தது.

இவ்வாண்டுகளிற்றான் பாபுர் ரம்லா சதுக்கத்தில் அரபி நூல்கள் கொளுத்தப்பட்டன. ஐயாயிரம் நூல்கள் என்று குறைவாகச் சொல்வோரும் பத்து லட்சம் என்று மிகையாகச் சொல்வோரும் உண்டு. மருத்துவ நூல்கள் சில மட்டும் நெருப்புக்குத் தப்பி, சிஸ்னெரோஸ் நிறுவிய அல்கலா பல்கலைக்கழகத்திற்குச் சென்றன. உடலுக்கு உதவுவதை எடுத்துக்கொண்டு உள்ளத்தில் நிற்பதை எரிப்பது என்னும் கணக்கு அதில் தெரிகிறது.

நாவலில் அபூ ஜஅஃபர் தம் பேரப்பிள்ளைகளுடன் இந்நெருப்பைக் காண்கிறார். தம் கைகளால் தைத்தவை கண்முன் சாம்பலாகும் காட்சி அவருடைய நம்பிக்கையையே உலுக்கிவிடுகிறது. அன்றிரவே அவர் இறந்துபோகிறார். ஆசிரியர் இவ்விடத்தில் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அக்காட்சியைக் கண்ட சிறுமி ஸலீமா நூல்களைத் தேடிப் படிப்பவளாகவும், மூலிகை அறிந்து நோயாளிகளுக்கு மருந்து தருபவளாகவும் வளர்கிறாள். குடும்பத்தார் எஞ்சிய ஏடுகளை ஐனுத் தம்உ என்னும் புறநகர் வீட்டில் ஒளித்துவைக்கின்றனர். முதற்பாகத்தின் முடிவில் இன்குயிசிஷன் என்னும் மதவிசாரணை மன்றம் ஸலீமாவைச் சூனியக்காரி எனத் தீர்த்து உயிரோடு எரிக்கிறது. நூலெரிப்பில் தொடங்கிய பாகம் நூலைப் படித்தவளின் எரிப்பில் முடிகிறது.

மறக்கச் சொல்லும் சட்டம்

மனிதனைக் குறிக்கும் ‘இன்ஸான்’ என்னும் சொல் மறதியைக் குறிக்கும் ‘நிஸ்யான்’ என்பதிலிருந்து பிறந்தது என்பர் மொழியறிஞருள் ஒரு சாரார். மறதி இயல்பு, சில வேளை அருளும்கூட. ஆனால் சட்டம் இயற்றி, அபராதம் விதித்து, காவலரை அனுப்பி ஒரு சமுதாயத்தை மறக்கச் செய்ய முடியுமா? ஸ்பெயின் அதைத்தான் முயன்றது.

1526இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கர்னாத்தாவில் கூட்டிய சபை அரபி மொழி, உடை, குளியலறை முதலியவற்றைத் தடைசெய்யத் தீர்மானித்தது. மொரிஸ்கோக்கள் பெருந்தொகை செலுத்தி, அத்தடையை நாற்பது ஆண்டுகள் நிறுத்திவைக்கச் செய்தனர். அக்கெடு முடிந்ததும் இரண்டாம் ஃபிலிப் மன்னரின் ஆணை 1567 ஜனவரி 1இல் முழங்கப்பட்டது. கர்னாத்தா வீழ்ந்த எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்திய நாள் அது. மூன்று ஆண்டுகளுக்குள் அனைவரும் காஸ்திலிய மொழி கற்கவேண்டும். அதன்பின் வீட்டிலும் வெளியிலும் அரபியில் பேசுவதும் எழுதுவதும் குற்றம். அரபி நூல்களை ஒப்படைக்கவேண்டும். பெண்கள் முகத்தை மூடலாகாது, மருதாணி இடலாகாது. குளியலறைகள் இடிக்கப்படும். முஸ்லிம் பெயர்கள் கூடா. வெள்ளிக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்கவேண்டும். உள்ளே தொழுகை நடக்கிறதா என்று தெருவில் செல்பவன் பார்ப்பதற்காக.

இவ்வாணையை எதிர்த்து ஃபிரான்சிஸ்கோ நூனியெஸ் மூலே என்னும் முதியவர் ஒரு மனு அளித்தார். இளமையில் தலவேராவிடம் ஊழியம் செய்தவர், மொரிஸ்கோ உயர்குடியினர். அவருடைய வாதங்கள் அக்காலத்தின் கூர்மையான ஆவணங்களுள் ஒன்று. உடை மதமன்று, ஸ்பெயினிலேயே மாகாணத்திற்கு மாகாணம் உடை வேறு. அரபி இஸ்லாத்திற்கு மட்டும் உரியதன்று, ஜெரூசலத்துக் கிறித்தவரும் அரபியே பேசுகின்றனர். நிலப் பத்திரங்கள் அரபியில் உள்ளன, அவற்றை இழந்தால் உரிமையும் போகும் என்றெல்லாம் அவர் விளக்கினார். பெயர்களை நீக்கினால் யார் எந்தக் குலத்தார் என்பது அழிந்துபோகும் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். சட்டத்தின் உண்மையான குறி எது என்பதை அம்முதியவர் உணர்ந்திருந்தார். மனு ஏற்கப்படவில்லை.

பழியின் பாதை

மறக்க மறுப்பவன் முன் முதலில் திறக்கும் பாதை பழிவாங்கல். 1568 டிசம்பர் 24ஆம் நாள் இரவு கிளர்ச்சி வெடித்து, அல்புஷர்ராத் மலைநாடெங்கும் பரவியது. ஹெர்னாண்டோ டி வாலோர் என்னும் பெயரில் வாழ்ந்த இளைஞர் உமைய்யா வம்சத்தின் பெயரைச் சூடி, முஹம்மது பின் உமைய்யா என்னும் மன்னரானார். முக்கால் நூற்றாண்டுக்குப் பின் மலைகளில் பாங்கொலி வெளிப்படையாகக் கேட்டது.

இந்தக் கிளர்ச்சியின் காரணம் நியாயமானது. ஆனால் அதன் முதல் வாரங்களில் நிகழ்ந்தவை அனைத்தும் நியாயமானவை அல்ல. மலையூர்களில் பாதிரிமாரும் பழைய கிறித்தவர்களும் பிடிக்கப்பட்டு, பலர் சித்திரவதைக்குப்பின் கொல்லப்பட்டனர். எழுபதாண்டு அவமானத்தின் கணக்கு, கைக்கு எட்டியவரிடம் தீர்க்கப்பட்டது. எதிர்த்தரப்பின் பழியும் அதற்குக் குறைந்ததாக இல்லை. 1569 மார்ச்சில் கர்னாத்தா சிறையில் அடைபட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட மொரிஸ்கோக்கள் ஒரே இரவில் வெட்டப்பட்டனர். 1570 பிப்ரவரியில் மன்னரின் வேறு தாய் வயிற்றுச் சகோதரர் டான் ஹுவான் கலேரா என்னும் ஊரை முற்றுகையிட்டு வென்று, பெண்கள் உள்ளிட்ட பலரைக் கொன்று, ஊரை இடித்து உப்புத் தூவச் செய்தார்.

பழி அயலாரோடு நிற்கவுமில்லை. முஹம்மது பின் உமைய்யா 1569 அக்டோபரில் தம்மவராலேயே கொல்லப்பட்டார். அவருக்குப்பின் வந்த இப்னு அப்பூவும் 1571 மார்ச்சில் தம்மவராலேயே கொல்லப்பட, அவருடைய தலை நகரவாயிலில் தொங்கவிடப்பட்டது. 1570இன் இறுதியில் கர்னாத்தா நாட்டின் மொரிஸ்கோக்களுள் ஏறத்தாழ 80,000 பேர், கிளர்ச்சியில் கலவாதோர் உட்பட, கடுங்குளிரில் காஸ்தில் நோக்கி நடத்தப்பட்டனர். வழியிலேயே மாண்டோர் மிகப்பலர். நாவலில் முதியவள் மர்யமா இந்தப் பயணத்தில், பேரன் அலீ உடனிருக்க, வழியிலேயே உயிர்விடுகிறாள்.

பழிவாங்கல் இலக்கியத்தில் பெரும்பாலும் வீரமாகக் காட்டப்படும். கலேராவில் தன் காதலியைக் கொன்ற படைவீரனைத் தேடிக் கண்டுபிடித்துக் கொன்ற துஸானி என்னும் மொரிஸ்கோவின் கதையை ஸ்பானியரான பெரெஸ் டி ஹிட்டா எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் கால்டெரோன் அதையே நாடகமாக்கினார். ஸ்பானியர்களே தம் பகைவனின் பழியை மெச்சிப் பாடினர் என்பது வியப்புக்குரியது. ரள்வா ஆஷூரோ இத்தகைய வீரனைத் தம் நாவலின் நாயகனாக்கவில்லை. 1487இல் மாலகா வீழ்ந்தபோது தன் குடும்பத்தை இழந்தவன் ஸஅத். மனைவி ஸலீமாவை விட்டு மலைப்போராளிகளோடு சேர்ந்துகொள்ளும் அவனுக்கு ஆசிரியரின் முழுப் பரிவும் உண்டு. ஆயினும் அவன் போனபின் வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையே அவர் விடாது பின்தொடர்கிறார்.

இரு ஃபத்வாக்கள்

மறதிக்கும் பழிக்கும் இடையே மூன்றாவது பாதை ஒன்று உண்டா? அக்காலத்து மார்க்க அறிஞர்களுக்கும் இக்கேள்வி எழுந்தது. ‘அல்மிஃயார்’ என்னும் ஃபத்வாத் தொகுப்பின் ஆசிரியரான ஃபாஸ் நகரத்து இமாம் அல்வன்ஷரீஸீ (ரஹ்), ஹிஜ்ரி 896இல் (1491) அளித்த ஃபத்வாவில், கிறித்தவ ஆட்சியின் கீழ்த் தங்குவது கூடாது, ஹிஜ்ரத் செய்வதே கடமை என்று தீர்த்தார். அவர் முன்வைத்த ஆதாரங்கள் வலுவானவை. எனினும் கப்பற்கூலி இல்லாத ஏழையும் நோயுற்ற தாயை விட்டு நகரமுடியாத மகனும் என்ன செய்வர்?

ஹிஜ்ரி 910 ரஜபு மாதத்தில் (1504) வஹ்ரான் பகுதியைச் சேர்ந்த அஹ்மது பின் அபீ ஜும்ஆ (ரஹ்) எழுதியனுப்பிய மடல் இவர்களுக்காகவே எழுதப்பட்டது. தொழமுடியாவிடில் சைகையால் தொழுங்கள், பகலில் தடுத்தால் இரவில் நிறைவேற்றுங்கள், நீர் கிடைக்காவிடில் சுவரைத் தொட்டேனும் தயம்மும் செய்யுங்கள், ஜக்காத்தை அன்பளிப்பென்று கொடுங்கள், கட்டாயத்தால் நாவு சொல்வதை உள்ளம் மறுக்கட்டும் என்று அவர் வழிகாட்டினார். சித்திரவதைக்கு ஆளான அம்மார் பின் யாஸிர் (ரலி) அவர்களை முன்னிட்டு இறங்கிய ஸூரத்துந் நஹ்லின் 106ஆம் வசனமே இத்தகைய சலுகைக்கு அடிப்படை.

முதல் ஃபத்வா சட்டத்தின் தெளிவைக் காத்தது. இரண்டாவது மனிதர்களைக் காத்தது. இவ்விரண்டுள் ஒன்றைப் பிழையென்று ஒதுக்குவது எளிதன்று. ஆனால் வஹ்ரான் மடல் மொரிஸ்கோக்களின் கைகளில் பிரதி பிரதியாகப் பெருகி, பின்னர் அவர்களுடைய ஸ்பானிய மொழியிலேயே பெயர்க்கப்பட்டு, 1609ஐ நெருங்கும் காலம்வரை படிக்கப்பட்டு வந்தது. நினைவை எவ்வாறு வீட்டுக்குள் வைத்துக் காப்பது என்னும் கைந்நூலாக அது விளங்கியது.

சுவருக்குள் ஒளிந்த ஏடுகள்

அரபி பேசுவது அற்றுப்போன பகுதிகளில் அவர்கள் செய்த காரியம் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு மிக எளிதில் விளங்கும். ஸ்பானிய மொழியை அரபி எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துக்களையே சற்று மாற்றிப் பயன்படுத்தினர். ‘அஜமிய்யா’ என்பது திரிந்து ‘அல்ஹமியாதோ’ எனப் பெயர் பெற்ற அவ்வெழுத்துமுறைக்கும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816 – 1898) போன்ற பெரியோர் நூல்கள் இயற்றிய நம் அரபுத் தமிழுக்கும் எழுத்து வகையில் நெருங்கிய ஒப்புமை உண்டு. சூழல் மட்டும் நேரெதிர். நம் முன்னோர் திண்ணையிலும் மத்ரஸாவிலும் உரக்க ஓதி வளர்த்த ஒன்றை, அவர்கள் கதவடைத்து, குரலடக்கி வளர்த்தனர்.

‘அரேவலோ இளைஞர்’ என்று மட்டுமே அறியப்படும் ஒருவர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பெயினில் ஊர் ஊராக அலைந்து, எஞ்சிய முதியோரிடம் மார்க்க அறிவைத் திரட்டி இம்முறையில் எழுதிவைத்தார். தொண்ணூறைக் கடந்த உபேதா ஊர் மூதாட்டி ஒருவரும், கர்னாத்தாவின் வீழ்ச்சியை நேரில் கண்ட யூசுஃப் பனேகஸ் என்பவரும் அவருக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். மத்ரஸாக்கள் மூடப்பட்டபோது மூதாட்டிகளே மத்ரஸாக்கள் ஆயினர். விசாரணை மன்றத்தின் வழக்கேடுகளிலும் பிள்ளைகளுக்குக் கலிமாவும் நோன்பும் கற்பித்த குற்றத்திற்காகத் தாய்மாரும் பாட்டிமாரும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றனர். ரள்வா ஆஷூர் இரண்டாம் பாகத்திற்கு மர்யமா என்று பெயரிட்டது தற்செயலன்று. வாளேந்தாத, நூலெழுதாத, சமையற்கட்டில் நின்றுகொண்டே சமயோசிதத்தால் காரியம் முடிக்கும் ஒரு பெண்ணை அவர் வரலாற்றின் நடுத்தூணாக நிறுத்துகிறார்.

1884இல் அரகோன் பகுதியின் அல்மொனாசித் டி லா சியர்ரா என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித்தளம் ஒன்றின் அடியில் அரபி எழுத்துச் சுவடிகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றின் மதிப்பறியாமல் பல எரிந்தும் கிழிந்தும் போனபின், பப்லோ கில் என்னும் அறிஞர் எஞ்சியவற்றைக் காப்பாற்றினார். அவற்றுட் பெரும்பகுதி இன்று மத்ரீதில் உள்ளது. அவற்றோடு நூல் கட்டும் கருவிகளும் கிடைத்தன. அபூ ஜஅஃபரின் தொழிலைச் செய்த யாரோ ஒருவர் வாழ்ந்த வீடு அது எனக் கருத இடமுண்டு. ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகள் மண்ணுக்கு மேலே எல்லாம் மறந்துவிட்டிருக்க, தளத்தின் கீழே நினைவு காத்திருந்தது.

புறப்பாடும் திரும்பலும்

1609 ஏப்ரலில் மூன்றாம் ஃபிலிப் மன்னர் வெளியேற்றத்தை முடிவு செய்தார். செப்டம்பர் 22இல் பலன்ஸியாவில் ஆணை அறிவிக்கப்பட்டது. 1614க்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். கைக்குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, கிறித்தவராக வளர்க்கப்பட நிறுத்திக்கொள்ளப்பட்டனர். இசைந்து வாழ்ந்தோரும் எதிர்த்து நின்றோரும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டனர்.

போனவர்கள் நினைவைப் பல வடிவில் சுமந்தனர். ஓர்னாசோஸ் ஊரார் மொராக்கோவின் ஸலா – ரபாத் கடற்கரையில் குடியேறி, 1627இல் தன்னாட்சி நிறுவி, ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடினர். கண்கூடான பழிதான் இது. ஆனால் 1631இல் அதே மக்கள், தங்கள் சொந்த ஊருக்குத் திரும்ப இசைவளித்தால் கோட்டையை ஒப்படைக்கிறோம் என்று ஸ்பானிய மன்னரோடு பேச்சு நடத்தினர். பழியின் உள்ளே ஊர்நினைவே உறைந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அஹ்மது பின் காஸிம் அல்ஹஜரீ வேறொரு வழியில் சென்றார். அரபி அறிந்திருப்பதே ஆபத்தாக இருந்த நாட்டில் வளர்ந்து, 1599இல் மொராக்கோவுக்குத் தப்பிய அவர், நாடு கடத்தப்பட்டோரின் உடைமைகளைக் கொள்ளையிட்ட ஃபிரெஞ்சுக் கப்பல்தலைவர்கள்மீது வழக்காட 1611இல் ஃபிரான்ஸ் சென்றார். நீதிமன்றங்களில் வாதாடினார், பாதிரிமாரோடும் யூத அறிஞரோடும் விவாதித்தார், பின்னர் ஹாலந்திலும் தங்கினார். எர்பெனியஸ் என்னும் டச்சு அறிஞர் அவரிடம் அரபி பயின்றார். ஐரோப்பாவில் நெடுங்காலம் பாடநூலாக விளங்கிய எர்பெனியஸின் அரபி இலக்கணம் 1613இல் வெளிவந்தது. ஓரிடத்தில் தடைசெய்யப்பட்ட மொழியை அவர் மற்றோரிடத்தில் கற்பித்தார். தம் அனுபவங்களைப் பின்னர் எகிப்தில் நூலாக எழுதினார்.

ஸ்பெயினுக்குள்ளேயும் நினைவு முற்றும் அணையவில்லை. 1605இல் வந்த ‘டான் கிகோட்டே’யின் முதற்பாகத்தில், அக்கதை ஸைய்யித் ஹாமித் என்னும் அரபு வரலாற்றாசிரியர் எழுதியதென்றும், தொலேதோ கடைவீதியில் வாங்கிய ஏடுகளை ஒரு மொரிஸ்கோ பெயர்த்துத் தந்தானென்றும் செர்வாண்டெஸ் புனைந்தார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், வெளியேற்றப்பட்டு மாறுவேடத்தில் திரும்பிவரும் ரிக்கோத்தே என்னும் மொரிஸ்கோவையும், அவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கும் அண்டைவீட்டான் சாஞ்சோவையும் படைத்தார். வெளியேற்றம் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் இதனை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

ரள்வா ஆஷூரின் அலீயும் கப்பலேற வந்தவர்களோடு கடற்கரை வரை வருகிறான். ஆனால் ஏறவில்லை. பாட்டி மர்யமாவின் கபுறு இருக்கும் மண்ணை நோக்கித் திரும்பி நடக்கிறான். அது ஒருவகையில் தோல்வியாகத் தோன்றலாம். பழிவாங்கும் ஆற்றலும் அவனிடம் இல்லை. மறந்துவிடும் எளிமையும் இல்லை. மறந்தோரின் நாட்டில் மறவாத ஒருவன் தங்கியிருப்பான் என்பதே ஆசிரியர் வைத்த முற்றுப்புள்ளி.

மன்னிப்பும் மறதியும்

பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலினும் அதனை மறந்துவிடுதல் மேலானது என்பது வள்ளுவர் நெறி. அந்நெறியை இங்கே எவ்வாறு பொருத்துவது? வள்ளுவர் பேசுவது தீங்கிற்கு ஆளானவனிடம். அவனாக மனமுவந்து செய்யும் மறதியைப்பற்றி. தீங்கு செய்தவன் சட்டம் போட்டுத் திணிக்கும் மறதிக்கு அந்தக் குறளில் இடமில்லை.

நம் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இவ்வேறுபாடு தெளிவாக உண்டு. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியன்று குறைஷியருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்கள். இறுதிப் பேருரையில் அறியாமைக்காலக் கொலைப்பழிகள் அனைத்தையும் தள்ளுபடி செய்து, தம் குடும்பத்துக்கு வரவேண்டிய பழியிலிருந்தே அதனைத் தொடங்கினார்கள். ஆயினும் மக்காவில் நடந்த கொடுமைகளை முஸ்லிம்கள் மறக்கவில்லை. பிலால் (ரலி) அவர்களின் மார்பில் வைத்த பாறையும், யாஸிர் குடும்பத்தின் வேதனையும் ஸீரத் நூல்களில் இன்றும் ஓதப்படுகின்றன. நினைவில் இருப்பதையே மன்னிக்க முடியும். மறந்துபோனதை மன்னிக்க எவராலும் இயலாது.

இன்றைய ஸ்பெயினிலும் இந்த வழக்கு முடிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 2இல் கிரானடா நகரம் தன் கைப்பற்றல் நாளைக் கொண்டாடுகிறது. அதனைக் கண்டிக்கும் ஸ்பானியரும் அங்கு உண்டு. 2003 ஜூலையில் அல்பய்யாஸீன் மேட்டில், அல்ஹம்ராவுக்கு எதிரே, புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. 1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க ஸ்பெயின் 2015இல் சட்டம் இயற்றியது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அச்சட்டத்தில் இடமளிக்கப்படவில்லை.

கடல் கடந்த இத்தொலைதூர வரலாறு நம்மையும் தொடாமலில்லை. ஐபீரியாவில் முஸ்லிம்களைக் குறித்த ‘மூர்’ என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் தம் கப்பல்களில் ஏற்றிவந்து, இலங்கைச் சோனகர்மீது சூட்டினர். அங்கு உள்ள நம் சகோதரர்கள் இன்றும் அரசாங்க ஏடுகளில் அப்பெயராலேயே குறிக்கப்படுகின்றனர்.

எனவே அந்தலூஸை நாம் எவ்வாறு கற்பிப்பது என்பது சிறிய கேள்வியன்று. அழுது புலம்பும் பாடமாக மட்டும் கற்பித்தால் மாணவன் கையறுநிலையைக் கற்பான். பழியைத் தூண்டும் பாடமாகக் கற்பித்தால், ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்னும் ஸூரத்துல் மாயிதாவின் கட்டளையை மறப்பான். தலவேராவின் நேர்மையும் சாஞ்சோவின் மௌனமும், மலையூர்களில் நம்மவர் செய்த கொலைகளும் சேர்ந்ததே முழுமையான சாட்சியம். அச்சாட்சியத்தின் நடுவே மன்னர்களுக்குப் பதிலாக ஒரு வர்ராக், ஒரு மருத்துவச்சி, பேரனுக்குக் கதை சொன்ன ஒரு பாட்டி ஆகியோரை நிறுத்திக் காட்டியிருக்கிறார் ரள்வா ஆஷூர். அர்ருந்தியின் இரங்கற்பாவை மனனம் செய்யும் நம் மாணவர்கள், அடுத்த பாடமாக மர்யமாவின் கதையையும் அரபி மூலத்திலேயே படிக்கவேண்டும்.